கடலில் இறங்காதவன்

ஜூலை 13, சனி

இங்கிலாந்தில் இந்த நியூகாசிலுக்கு வந்து ஒரு வாரமாகிறது. பேச ஆள் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது உறுமுகிறது. நாகர்கோவில் மின்வாரிய ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் வாய் ஓயாமல் இருந்தவள் நான். பேச முடியாததை எழுதியாவது வைப்போம் என்றுதான் இந்த டைரி.

மகன் தாணுமாலயன் தாடி வளர்த்திருக்கிறான். தலைமுடி காதை மூடிக் கழுத்தில் புரளுகிறது. விமான நிலையத்தில் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. "என்னல கோலம் இது? சாமியாராப் போறியா?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

"வெட்ட நேரமில்லம்மா."

"இங்க எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க அத்தை," என்றாள் ரேணுகா. புருஷனுக்கு வக்காலத்து வாங்கவில்லை என்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இன்னொன்று, அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அது எனக்குப் பழகிவிட்டது. தாடி பழகவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இந்தியக் கடையில் நல்ல பப்பாளி கிடைத்தது. நறுக்கித் தட்டில் வைத்தேன். ரேணுகா தொடவில்லை. வாயு என்கிறாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் படுத்துவிடுகிறாள். மீன் வறுத்தால் ஜன்னலைத் திறக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நெய்மீன் இங்கே தங்கம் மாதிரி கிடைக்கிறது, அதற்கு மூக்கைப் பொத்தினால்? சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், அதை மட்டும் குடித்தாள்.

ஜூலை 18, வியாழன்

நான் ஊர் பார்க்க இங்கே வரவில்லை. அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

இவன் அப்பா போய் இரண்டு வருஷமாகப் போகிறது. கருமாதி முடிந்ததும் விமானம் ஏறினவன், அதன்பிறகு ஒரு அமாவாசைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. கேட்டால், "எனக்கு அதுல நம்பிக்கை இல்லம்மா" என்பான். அந்த இரண்டு வருஷத்தில்தான் ரேணுகாவுக்கு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்காமல் போனது. மூன்று மாசம் தாண்டவில்லை. இரண்டாவது தடவை போனில் அவள் அழவே இல்லை. "பரவால்ல அத்தை" என்றாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டு நான் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

ஊரில் ஜோசியர் சொல்லிவிட்டார், பித்ரு குறை என்று. ஆடி அமாவாசைக்குப் பிள்ளை கடலில் முழுகித் தர்ப்பணம் செய்தால் எல்லாம் சரியாகும் என்றார். நான் டிக்கெட் போட்டது அதற்குத்தான். காரணத்தை இவர்களிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் ரேணுகா, தன் வயிற்றைப் பற்றித்தான் ஊரில் பேச்சு என்று நினைப்பாள். அப்பாவுக்காக என்று மட்டும் சொல்வேன். அதுவும் பொய் இல்லையே.

ஜூலை 23, செவ்வாய்

தாணுவின் சிநேகிதன் ஜெயசீலன், யாழ்ப்பாணத்துப் பையன். அவனுடைய அப்பாவுக்கு இன்று இறுதிச் சடங்கு. நானும் போயிருந்தேன். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஜெயசீலன் தாணுவைத்தான் முதலில் பார்த்தான். இவன் பின்னால் நகர்ந்து, சுவரோடு சுவராக நின்றுகொண்டான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் வந்து தோள் கொடுத்தார். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

காரில் வரும்போது கேட்டேன். "தோள்பட்ட வலிம்மா" என்றான். நேற்றுத்தான் வாஷிங் மெஷினை ஒற்றை ஆளாக நகர்த்தினான். சொந்தத் தகப்பனுக்குத் தண்ணீர் விடாதவன் ஊரான் தகப்பனுக்கா தோள் கொடுப்பான் என்று கேட்டேவிட்டேன். ரேணுகா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 28, ஞாயிறு

பேசி முடித்தாயிற்று. அடுத்த ஞாயிறு ஆடி அமாவாசை, லீவு நாள். இங்கிருந்து வடக்கே ஒரு தீவு இருக்கிறதாம், ஹோலி ஐலண்ட் என்று பேர். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் துறவிகள் இருந்த இடம். ஒரு நாளில் இரண்டு தடவை கடல் விலகி வழி விடும், இரண்டு தடவை வந்து மூடும். வழி விடும்போது காரிலேயே போகலாம்.

"கோயில் மாதிரி பழைய எடம்தான், ஒனக்குப் பிடிக்கும்," என்றான் தாணு. "ஆனா அமாவாசைக்குத் தண்ணி ரொம்ப ஏறும். காலைல போயிட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிரணும்."

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு இவன் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். முழுகுவாயா என்று கேட்டதற்கு மட்டும் "அங்க போய்ப் பாப்போம்" என்றான். பார்ப்போம் என்றால் செய்வான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

எள், பச்சரிசி, தர்ப்பை, வாழையிலை, செம்பு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மாற்று வேட்டி ஒன்றும் வைத்தேன். வழிக்குப் புளிச்சாதம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கிளம்பினோம். கரையில் வழி தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை. பாதி முங்கின காரின் படம் போட்டு, இது நீங்களாகவும் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வழி திறக்கும், மூடும் நேரங்கள். தாணு இறங்கிப் போய் அதைப் படித்துவிட்டு வந்தான். அப்புறம் ஈரத் தார் ரோடு. இரண்டு பக்கமும் சேறும் மணலுமாகக் கண்ணுக்கு எட்டின மட்டும் கடல் காலியாகக் கிடந்தது. பழைய காலத்தில் யாத்திரைக்காரர்கள் நடந்துபோன தடத்துக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். நடுவில் கால் வைத்து உயர்த்தின ஒரு மரக் குடில், நம் வயல் பரண் மாதிரி. மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி உட்காருவதற்காம். "இதுல வந்து மாட்டிக்கிற மடையனும் இருப்பானா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அந்தத் துறவிகளின் மடத்தில் கூரை இல்லை. செம்மண் நிறத்தில் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கல்லில் கட்டின ஒரே ஒரு வளைவு, தாங்க எதுவும் இல்லாமல் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே உயரத்தில் பாலம் மாதிரி நிற்கிறது. சுற்றிலும் எல்லாம் விழுந்தும் அது மட்டும் விழவில்லை. கடலில் வந்த கொள்ளைக்காரர்கள் துறவிகளை வெட்டிப்போட்ட இடம் என்று ரேணுகா படித்துச் சொன்னாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அங்கங்கே கல்லைப் பார்த்தால் உட்கார்ந்துகொண்டாள்.

மடத்துக்குக் கீழே கூழாங்கல் கரை. அந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் இருந்தது. அமைதியான தண்ணீர், பிள்ளைகள்கூடக் குளிக்கலாம். இலையை விரித்துவிட்டு வேட்டியை நீட்டினேன்.

"நான் எறங்கலம்மா," என்றான் தாணு.

"என்னது?"

"கரையில நின்னே பண்றேன். நீ சொல்றதெல்லாம் சொல்றேன். தண்ணில எறங்கல."

"முழுகாம தர்ப்பணமா? சரி, குளிருன்னா விடு. காலையாவது நனை."

"காலும் நனைக்க மாட்டேன்."

எனக்கு ஆத்திரமும் வெப்ராளமும் தாங்கவில்லை. கடல் கடந்து இதற்கா வந்தேன்? "ஒங்க அப்பா ஒன்னத் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தாரே, அந்த மனுசனுக்கு ஒரு முழுக்குப் போட ஒனக்கு வலிக்குதால?" என்று கத்தினேன். நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரேணுகா "அத்தை..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒதுக்குகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இலையைச் சுருட்டிப் பையில் போட்டேன். ஊருக்குப் போய்விடுவோம், டிக்கெட்டை மாற்றச் சொல்லலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வழி மூடுவதற்குள் போய்விடலாம் என்று கிளம்பினோம். தீவின் விளிம்பில் மணல்மேட்டுப் பக்கம் வரும்போது ரேணுகா காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கி ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். கார் ஆட்டம் என்று நினைத்தேன். தாணு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். எனக்கோ ரோட்டோரம் கொஞ்சம் தள்ளி ஓடை மாதிரி கடல் தண்ணீர் மின்னுவது தெரிந்தது. பிள்ளை செய்யாவிட்டால் போகட்டும், பெண்டாட்டி செய்தால் அவர் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்? பையை எடுத்துக்கொண்டு ரோடு வழியே நடந்தேன். அவர்கள் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரோட்டிலிருந்து மணலில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்று, இலையை வைத்தேன். மந்திரம் எனக்குத் தெரியாது. எள்ளும் தண்ணீரும் விட்டு, தமிழில் பேசினேன். உங்க பிள்ளை செய்யலைன்னு கோவிச்சுக்காதீங்க, வீட்ல ஒரு புள்ள தங்கணும், அதுக்கு வழி செய்யுங்க என்றேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். நின்று நிதானமாகத்தான் அழுதேன்.

திரும்பினால் மணலைக் காணோம்.

எங்கள் கடல் அடிக்கும், இழுக்கும், சத்தம் போடும். ஆனால் இருக்கிற இடத்தில் இருக்கும். இந்தக் கடல் வாய் திறக்காமல் பின்பக்கமாக வந்திருக்கிறது. தட்டுத் தடுமாறி ரோட்டில் ஏறினேன். ஏறினால் ரோடும் இல்லை. எனக்கும் கார் நிற்கிற மேட்டுக்கும் நடுவே ரோடு கொஞ்சம் தாழ்ந்திருக்கும்போல, அங்கே தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்தேன், முழங்கால் வந்தது. சேலை தண்ணீர் குடித்துக் கனத்தது. கால் வழுக்கியது. செம்பு கையை விட்டுப் போனது. "தாணு!" என்று கத்தினேன்.

ஓடி வந்தான். தண்ணீரின் விளிம்பு வரை வந்து நின்றான். நின்று கீழே பார்த்தான்.

அந்த நேரத்தில் நான் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். பெற்றவள் முங்கப்போகிறேன், இவன் ஷூ நனைகிறதே என்று நிற்கிறான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ரேணுகா அலறினாள். "தாணு, எறங்காத! கடல்ல எறங்காத! அத்தை, எப்படியாவது நீங்க வந்திருங்க அத்தை, அவன் எறங்கக் கூடாது!" ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எனக்கு எல்லாம் புரிந்தது. தாடி, முடி, பெட்டிக்குக் கொடுக்காத தோள், நனைக்காத கால். பெண்டாட்டி உண்டாகியிருந்தால் புருஷன் முடி எடுக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம்தான் இது, எனக்குத் தெரியாததா? தாணு என் வயிற்றில் இருந்தபோது அவன் அப்பா கன்னியாகுமரிக்குப் போய்க்கூட மணலில் நின்றே திரும்பி வந்தார். நான்தான் இதைத் தாணுவிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். சாமி இல்லை என்கிறவன் இதையெல்லாம் பார்ப்பான் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

"எறங்காத மக்கா!" நானும் கத்தினேன். "நில்லு அங்கனயே! நான் வந்திருவேன்!"

இரண்டு பேர் கத்தியும் அவன் கேட்கவில்லை. இறங்கிவிட்டான். என்னிடம் வந்து சேரும்போது தண்ணீர் அவன் தொடைக்கு மேலே ஓடியது. சின்னப்பிள்ளையைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கினான். தாடி என் கன்னத்தில் குத்தியது. மேட்டில் கொண்டுபோய் இறக்கும்வரை நான் "போச்சே, போச்சே" என்று சொல்லிக்கொண்டே வந்தேனாம். எனக்கு நினைவில்லை.

வழி மூடிவிட்டது. சாயங்காலம்தான் திறக்கும். ஊருக்குள் திரும்பிப் போய் ஒரு சத்திரம் மாதிரிச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரி ஒன்றும் கேட்காமல் துண்டும் சூப்பும் கொண்டுவந்தாள்.

"பத்து வாரம் ஆகுது அத்தை," என்றாள் ரேணுகா. "மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தோம். மறுபடியும் ஒங்ககிட்ட அந்தப் போன் பண்ண என்னால முடியாது."

தாணு ஈரக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டான். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா. ஒனக்கே தெரியும். ஆனா ரெண்டு தடவ போச்சு. டாக்டர் சொன்ன எல்லாம் செஞ்சோம். இந்தத் தடவ யாரு என்ன சொல்லியிருந்தாலும் ஒண்ணு விடாம செஞ்சிரணும்னு..." முகத்தை மூடிக்கொண்டான். எத்தனை வயசானாலும் அழும்போது அதே தோள்தான் குலுங்குகிறது.

ரேணுகா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பயந்த பார்வை. இந்த வழக்கத்துக்கெல்லாம் அங்கே இருக்கிற ஒரே பெரிய மனுஷி நான். நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அது அவள் வயிற்றில் போய் உட்காரும்.

"அழாதல," என்றேன். "இப்ப என்ன ஆயிப்போச்சு? நீ எங்க கடல்ல எறங்குன?"

நிமிர்ந்து பார்த்தான்.

"நீ எறங்குனது ரோடு. கார் போற தார் ரோடு. காலைல அதுலதான வந்தோம்? கடல்தான் ரோட்டுக்கு வந்துது, நீ கடலுக்குப் போகல. நம்மூர்ல மழ பெஞ்சு தெருவுல தண்ணி நின்னா, கடல்ல எறங்கிட்டேன்னா சொல்லுவோம்?"

"அப்படியா அத்தை?" ரேணுகா கேட்டாள்.

"எனக்குத் தெரியாதா? சூப்பக் குடி, ஆறுது."

குடித்தாள். மிச்சமிருந்த புளிச்சாதத்தையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் தண்ணீர் வடிந்து, வந்த ரோடு மறுபடியும் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தாணுவுக்கு லேசாகச் சளி. மிளகு ரசம். ரேணுகாவை லீவு போடச் சொன்னேன், போட்டாள்.

நான் சொன்னது சரிதானா என்று யாரிடமாவது கேட்கவேண்டும். ஜோசியர் நம்பர் இருக்கிறது. போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பீன்ஸ் துவரன், தயிர். ரேணுகா இரண்டு தோசை சாப்பிட்டாள். மீன் வாங்குவதை நிறுத்திவிட்டேன். மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டால் கரண்டியோடு போய் எட்டிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போன இரண்டு தடவையும் பதினோராவது வாரம்தானாம். ரேணுகாதான் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே. இது பதினோராவது வாரம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒன்றும் ஆகவில்லை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

அவள் பாத்ரூமில் அதிக நேரம் இருந்தால் நானும் தாணுவும் கதவுக்கு வெளியே போய் நின்றுவிடுகிறோம். இன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய் முட்டிக்கொண்டோம். அவன் துண்டு எடுக்க வந்தேன் என்றான். நான் விளக்கை அணைக்க வந்தேன் என்றேன். வெளியே வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன, பஸ் ஸ்டாண்டா?" என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஸ்கேன். என்னையும் வரச் சொன்னாள் ரேணுகா. ஆஸ்பத்திரியில் வரிசையாக நாற்காலிகள், அங்கங்கே வயிறும் கையுமாகப் பெண்கள். இவளை முதலில் கூப்பிட்டு எடையும் ரத்தமும் பார்க்க உள்ளே கொண்டுபோனார்கள். நானும் தாணுவும் மட்டும் இருந்தோம். அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் கழித்து என் பக்கம் சாய்ந்தான். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டான். "அம்மா. அது ரோடுதானம்மா?"

இஞ்சினியர். சாமி இல்லை, சாஸ்திரம் இல்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு சண்டை போட்டவன். இத்தனை நாளும் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்திருக்கிறான்.

"ரோடுதான் மக்கா," என்றேன். "நடுவுல வெள்ளக்கோடு போட்டிருந்துல்லா? நான் பாத்தேன். நீ அந்தக் கோட்டு மேலயேதான் நடந்து வந்த."

"கோடு இருந்துதா?"

"இருந்துது. கடல்ல எவனாவது கோடு போடுவானா?"

மூச்சு விட்டான். முழங்கால் நின்றது. அப்போது அவனையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியிலேயே இருந்தேன். எதிர்ச் சுவரில் ஏதோ படம் ஒட்டியிருந்தது, என்ன படம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தாணுதான். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். இருட்டு அறை. ரேணுகா படுத்திருந்தாள், கண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "கேளுங்க அத்தை," என்றாள்.

கேட்டேன். என்ன வேகம்! ஓட்டமாக ஓடி வருகிற மாதிரி, நிற்காமல் துடிக்கிறது.

வீட்டுக்கு வந்தாயிற்று. அவர்கள் தூங்குகிறார்கள், நான் எழுதுகிறேன். அந்த ரோட்டில் வெள்ளைக்கோடு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது ரோடே இல்லை, கடல்தான் இருந்தது. இனி யார் கேட்டாலும் கோடு இருந்தது.